சாவியில் சுற்றிய டேப்

அன்புள்ள ஐயா,

ஆலை ஒன்றில் பாதுகாப்பு ஆலோசகராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உற்பத்தி மேலாளர் எதற்கும் ஒத்துழைப்பதில்லை. மெயிலுக்குப் பதில் கிடையாது. கூட்டத்துக்கு வருவதில்லை. "நீ வந்தாலே லைன் நிக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார். பேக்கிங் மெஷினில், மூடியைத் திறந்தால் மெஷினை நிறுத்தும் இன்டர்லாக்கை வேலை செய்யாதபடி பைபாஸ் செய்திருப்பதை மூன்று முறை எழுதிவிட்டேன். பகைத்துக்கொள்ளாமல் இவரை வழிக்குக் கொண்டுவருவது எப்படி? மேலிடத்துக்கு நகல் போடலாமா? பேச்சுத்திறன் பயிற்சி எடுத்தால் உதவுமா? ராத்திரி போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அலுவலகச் சண்டைகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. 'பைபாஸ்' என்ற சொல்தான் என்னை உட்கார வைத்தது. எழுத வருவதற்கு முன் எட்டு வருடம் நானும் அந்த வேலையில் இருந்தவன். போன் அடித்தால் வரும் அந்தப் படபடப்பு எனக்கும் இருந்தது. வேலையை விட்ட பிறகும் ரொம்ப நாள் போகவில்லை.

பயிற்சி வகுப்பு வேண்டாம், காசு மிச்சம். கூட்டத்துக்கு வராவிட்டால் போகட்டும், அந்தக் கூட்டங்களுக்கு நானே போயிருக்க மாட்டேன்.

இப்போது திட்டு. உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மேலாளர் இருபத்தோரு இடத்தில் வருகிறார், எண்ணினேன். மெஷின் ஒரே இடத்தில். அதற்குள் கையை விட்டு வேலை செய்கிற ஆள் ஓரிடத்தில்கூட இல்லை. ஒன்றரை வருடமாக அங்கே என்னதான் பார்த்தீர்கள்?

எனக்கும் இப்படி ஒரு மேலாளர் வாய்த்தார். அங்கேயும் பேக்கிங் மெஷின்தான். மூடியில் நாக்கு மாதிரி ஒரு சாவி இருக்கும். அது சுவிட்சுக்குள் நுழைந்தால்தான் மெஷின் ஓடும், மூடியைத் திறந்தால் நின்றுவிடும். யாரோ ஸ்டோரிலிருந்து இன்னொரு சாவியை வாங்கிச் சுவிட்சில் செருகி, கறுப்பு டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். மூடி பாட்டுக்குத் திறந்து கிடந்தது. நான் போட்டோ எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, பதினோரு பக்க அறிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு நகலோடு அனுப்பினேன். மறுநாள் டேப் போனது. அடுத்த வாரம் புது டேப் வந்தது. மேலாளர் ஏழு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டேப்பையும் சாவியையும் எடுத்திருந்த ஒரு நைட் ஷிஃப்டில் அந்த மெஷின் ஆபரேட்டர், என்னைவிட வயதில் மூத்தவர், "போட்டோ எடுத்தது போதும் சார், கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றார். நின்றேன். பேக்கிங் ஃபிலிம் ரோலரில் சுற்றிக்கொள்கிறது. மூடியைத் திறந்து எடுக்க வேண்டும். ஆனால் அந்த இன்டர்லாக் மோட்டாரோடு ஹீட்டரையும் சேர்த்து அணைத்துவிடும். மறுபடி சூடேற இருபது நிமிடம். அந்த ஷிஃப்டில் மட்டும் ஒன்பது முறை சுற்றியது. எட்டு மணி நேரத்தில் மூன்று மணி நேரம்! லைன் நிற்கிறது என்று மேலாளர் கத்தியதில் கணக்கு இருந்திருக்கிறது. நான்தான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஏதோ இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்டர்லாக்குகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 14119, அதன் 2013 பதிப்பிலேயே, ஆட்களை பைபாஸ் செய்யத் தூண்டுவது எது என்று பார்த்து அந்தத் தூண்டுதலைக் குறைக்கச் சொல்கிறது. எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர் டேப்பால் எழுதி ஒட்டியிருக்கிறார். நாம் அதை 'விதிமீறல்' என்று தலைப்புப் போட்டு ஃபைலில் வைக்கிறோம். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இங்கேதான்.

மறுநாள் மேலாளரிடம் ஒரே ஒரு தாளோடு போனேன். ஒன்பது நேரக் குறிப்புகள், கீழே கூட்டல். "சார், இந்த மூணு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமான்னு பார்க்கலாமா?" ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். பிறகு "உட்காருங்க" என்றார். அதற்குமுன் அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் ஹீட்டர் லைனைத் தனியாகப் பிரித்தார், சூடான பகுதிக்குத் தனி மறைப்புப் போட்டோம். சாவி ஸ்டோருக்குத் திரும்பியது.

நகல் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? போடுங்கள், ஆனால் போடப்போவதை முதலில் அவரிடம் நேரில் சொல்லிவிட்டு. எழுதியாயிற்று, கடமை முடிந்தது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டுகளின் இணைப்பு வளையங்களைப் பற்றி ரோஜர் போஜலே என்ற பொறியாளர் 1985 ஜூலையிலேயே உயிர்ச்சேதம் வரும் என்று எழுதிக் கொடுத்தார். 1986 ஜனவரி 27 இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் போனில் வாதாடினார்கள். அவர்களுடைய கம்பெனியின் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடும்படி சொல்லப்பட்டது. மறுநாள் ஏவினார்கள், விண்கலம் சிதறி ஏழு பேர் போனார்கள். ஆகவே நாசூக்கெல்லாம் நாளைக்கு நடக்கக்கூடியதற்குத்தான். இந்த நிமிடம் ஓடும் ரோலருக்குள் கை போகிறது என்றால் மெஷினை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, மற்றவர்கள் போய்ச் சொல்வதற்குள் நீங்களே நடந்து போய் அவரிடம் சொல்லுங்கள். கத்துவார். கத்தட்டும்.

இந்த வாரம் ஒரு முழு ஷிஃப்ட் அந்த மெஷின் பக்கத்தில் நில்லுங்கள், கேமரா வேண்டாம். டேப்பின் மேல் தூசி எவ்வளவு இருக்கிறது, எத்தனை சுற்று, முதலில் சுற்றியது யார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மேலாளரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

அன்புடன்.