ஒரே நாள்ல தியேட்டர், ஓடிடி ரெண்டுலயும் ரிலீஸ் பண்ண முடியுமா?

கேள்வி: சின்ன பட்ஜெட்ல முதல் படம் எடுத்து முடிச்சிருக்கேன். ஓடிடி கம்பெனி ஒரு தேதி சொல்லிட்டாங்க, நானும் அதே நாள்ல தியேட்டர்லயும் போடலாம்னு இருந்தேன். ஆனா தியேட்டர் தரப்புல நாலு வாரத்துக்கு ஓடிடி-ல வராதுன்னு கடிதம் கேக்குறாங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ரெண்டு பக்கமும் பேசி முடிக்கிற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. இன்னைக்கு தமிழ்நாட்டுல நீங்க நினைக்கிற அந்த ஒரே நாள் ரிலீஸ் நடக்கிறது ரொம்ப கஷ்டம். 2013-ல கமல் சார் விஸ்வரூபத்தை டிடிஹெச்-ல கொண்டு வரேன்னு சொன்னப்போ தியேட்டர்காரங்க எப்படி எதிர்த்தாங்கன்னு ஞாபகம் இருக்கும், அவரே கடைசில தேதியை மாத்த வேண்டி வந்துச்சு. அமெரிக்காவுலயும் இதே கதைதான், 2006-ல டைரக்டர் ஸ்டீவன் சோடர்பெர்க் 'பபிள்'னு ஒரு சின்ன படத்தை தியேட்டர், கேபிள்னு ஒரே நாள்ல விட்டு நாலு நாள்ல டிவிடியும் போட்டாரு, பெரிய தியேட்டர் செயின் எல்லாம் படத்தை எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அவர் படத்தை வெளியிட்ட ஆட்களுக்கே சொந்தமா தியேட்டர் செயினும் சேனலும் இருந்துச்சு, நமக்கு அது இல்லையே.

உங்களுக்கு சரியான பாடம் ஹலிதா ஷமீம் டைரக்ட் பண்ண 'ஏலே' படம். 2021 ஜனவரில மாஸ்டர் தியேட்டருக்கு வந்து 16 நாள்லயே பிரைம்ல வந்துடுச்சு. தியேட்டர்காரங்க கொதிச்சுப்போய் 30 நாள் கடிதம் கேக்க ஆரம்பிச்சாங்க, அந்த கோவம் வந்து விழுந்தது பிப்ரவரி 12 ரிலீஸுக்கு ரெடியா இருந்த 'ஏலே' மேல. கடைசில அது தியேட்டரை பாக்காமலே பிப்ரவரி 28 விஜய் டிவில வந்துச்சு. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது. பெரிய படம் வசூல் பண்ணிட்டு போயிடுச்சு, மாட்டுனது சின்ன படம்.

சட்டப்படி பாத்தா, சங்கமா கூடி ஒரு படத்தை எடுக்காதீங்கன்னு சொல்றது தப்புன்னு, வியாபாரத்துல நியாயமான போட்டி நடக்குதான்னு பாத்துக்கிற மத்திய அரசோட போட்டி ஆணையம் 2012-லயே சொல்லியிருக்கு. ஆனா ஒரு தியேட்டர் ஓனர் தனியா எனக்கு வேணாம்னு சொன்னா அது அவர் உரிமை, அதோட நீங்க கேஸ் நடத்தி ஜெயிக்கிறதுக்குள்ள படம் பழசாயிடும்.

அதனால ஓடிடி-காரங்க கிட்ட போய் ஒப்பந்தத்துல காலண்டர் தேதி போடாதீங்க, 'தியேட்டர் ரிலீஸ் ஆன நாள்லருந்து 28 நாள் கழிச்சு'ன்னு எழுதுங்கன்னு கேளுங்க. தேதி போட்டு எழுதிட்டா, ஸ்கிரீன் கிடைக்காம தியேட்டர் ரிலீஸ் ரெண்டு வாரம் தள்ளுனாலும் ஓடிடி தேதி அங்கேயே நிக்கும், உங்க கடிதம் பொய்யாயிடும், பல பேரு மாட்டுறது இங்கதான். தியேட்டர்ல வரலைன்னா விலையை குறைப்போம்னு ஒரு வரி இருக்கான்னும் பாருங்க, இருந்தா எத்தனை ஸ்கிரீன்ல ஓடுனா கணக்குன்னு எழுத்துல வாங்கிடுங்க.

அவங்க தேதியை மாத்தவே மாட்டேன்னா, தியேட்டரை விட்டுட்டு நேரா ஓடிடி-க்கே போங்க. போஸ்டர், தியேட்டர்ல டிஜிட்டலா படத்தை ஓட்டுறதுக்கு கட்டுற க்யூப் செலவுன்னு கடன் வாங்கி ரெண்டு நாள் காலைக் காட்சி மட்டும் ஓட்டுறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா சென்சார் மட்டும் வாங்கி வச்சிடுங்க, ஓடிடி-க்கு தேவையில்லைன்னு விட்டுடாதீங்க, நாளைக்கு டிவி உரிமை விக்கணும்னா யு இல்லைன்னா யுஏ சான்றிதழ் கட்டாயம் கேப்பாங்க.