முதல் ஃபில்டருக்கு எத்தனை மைக்ரான்?

கேள்வி: நாகப்பட்டினத்தில் சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறேன், நானே ஓட்டுகிறேன். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கிளம்பும்போது, டீசலிலிருந்து தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டரில் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) எலிமென்ட், அதாவது உள்ளே மாற்றிப் போடும் வடிகட்டி, போட்டேன். “எவ்வளவு நைசோ அவ்வளவு பாதுகாப்பு” என்றார் கடைக்காரர். இரண்டாம் நாளே இழுவை குறைந்து எஞ்சின் நின்றுவிட்டது. அடுத்து எதை வாங்குவது?

பதில்: அரிசியில் கல் நீக்க மாவுச் சல்லடையை யாரும் எடுப்பதில்லை. தொட்டியிலிருந்து வரும் டீசல் முதலில் சந்திப்பது அந்த ஃபில்டரைத்தான். தண்ணீரையும் பெரிய அழுக்கையும் பிடிப்பது அதன் வேலை. நுண்ணிய தூசியைப் பிடிக்க எஞ்சின்மேல் இன்னொரு ஃபில்டர் இருக்கிறது. அதற்கு எத்தனை மைக்ரான் என்பதை எஞ்சின் கையேடு சொல்லும், அதை மாற்ற வேண்டாம். முதல் ஃபில்டரில் 2 போட்டால் இருவர் வேலையையும் அது ஒன்றே செய்து, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அடைப்பது பம்புக்கு முன்னால் என்பதுதான் வில்லங்கம். அந்தப் பக்கத்தில் டீசலை உறிஞ்சித்தான் இழுக்க வேண்டும். அடைப்பு கூடக் கூட உறிஞ்சும் விசையும் கூடும். அப்போது தளர்ந்த இணைப்பு எதுவாக இருந்தாலும் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். குழாயைத் துடைத்துப் பார்த்துக் கசிவே இல்லை என்று நினைப்போம்; எஞ்சினோ காற்றுப் பிடித்து நின்றிருக்கும்.

உங்களுக்கு 10 மைக்ரான் போதும். ஆனால் உடனே அதைப் போட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு சும்மா நின்றது அல்லவா? தொட்டி பாதி காலியாக இருந்திருந்தால் உள்ளே ஈரக்காற்று வியர்த்துத் தண்ணீராகி அடியில் தங்கியிருக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்புச் சளிபோல் படியும். அலையில் படகு ஆடியதும் அதெல்லாம் கலங்கி மேலே வரும். எனவே தொட்டியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து வடித்துச் சுத்தம் செய்யுங்கள். முதல் பயணத்துக்கு 30 மைக்ரான், பிறகு 10. ரேகார் என்ற கம்பெனி வகை எலிமென்ட் என்றால் சிவப்பு 30, நீலம் 10, பழுப்பு 2. அடுத்த தடைக்காலத்துக்குத் தொட்டியை நிரப்பி வையுங்கள்.

ஃபில்டரின் அளவிலும் கவனம் தேவை. எஞ்சின் எரிக்கும் டீசல் மட்டும் ஃபில்டர் வழியே போவதில்லை. ரிட்டர்ன் குழாயில் தொட்டிக்குத் திரும்புவதும் அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது. இரண்டையும் கூட்டித்தான் ஃபில்டரின் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். சந்தேகமானால் ஒரு அளவு பெரியதை வாங்குங்கள், அழுக்குக்கும் இடம் கிடைக்கும். கையில் காசு மிச்சம் இருந்தால் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, உறிஞ்சும் விசையைக் காட்டும் வெற்றிட மானி ஒன்று பொருத்துங்கள். புது எலிமென்ட் போட்டதும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்தால், அது ஏறுவதைக் கண்டே மாற்றும் நேரம் தெரியும். கடலில் நின்றபின் மாற்றுவதைவிட அது மலிவு.

கேள்வி: அதே அளவில் பாதி விலைக்கு வேறு எலிமென்ட் கிடைக்கிறது. இரண்டிலும் 10 மைக்ரான் என்றுதான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: 10 என்ற எண் மட்டும் எதையும் உறுதி செய்வதில்லை. 10 மைக்ரான் துகளில் பாதியைப் பிடிப்பதும் தன்னை 10 என்றே சொல்லிக்கொள்ளும். ‘பீட்டா 75’ என்றால், அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள 75 துகள்களில் ஒன்றுதான் தப்பும், அதாவது 98.7 சதவீதம் பிடிபடும். ஃபில்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 19438 சோதனைப்படி பிடிக்கும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை நம்பி ஒப்படைக்க மாட்டேன்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ‘தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று கடைக்காரர் மடக்கலாம். வணிகத்துக்கு வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை என்பது உண்மை; ஆனால் பிழைப்புக்காக முழுக்கச் சுயதொழிலுக்கு வாங்குவதை அந்த விலக்கில் அது சேர்க்கவில்லை. நீங்களே படகை ஓட்டுவது அதற்கு நல்ல ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.