தரை தட்டிய படகு: அடி ஓரிடம், வலி வேறிடம்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தரை தட்டியதைப் பற்றித்தான். முதலில் ஒரு சொல் விளக்கம். 'கீல்' என்றதும் கதவுக் கீலை நினைக்காதீர்கள். நம் ஊர் வள்ளங்களில் அடியில் நீளவாக்கில் ஓடும் 'ஏரா'தான் இது. ஆனால் இன்றைய ஃபைபர் பாய்மரப் படகுகள் பலவற்றில் அது உடலோடு சேர்ந்து பிறந்ததல்ல. ஈயத்திலோ வார்ப்பிரும்பிலோ மீன்துடுப்பு வடிவில் செய்த கனத்த பாகம் ஒன்றை அடியில் வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். கீழே வரும் தொல்லைகள் எல்லாம் அந்தப் பொருத்தில் பிறப்பவை.

கேள்வி: இங்கிலாந்தின் தென்கரையில், சோலண்ட் நீரிணையில் பிராம்பிள் மணல் திட்டில் மெதுவாக ஏறி நின்றுவிட்டோம். ஓதம் ஏறியதும் படகு தானாக மிதந்தது. கிரேனில் தூக்கிப் பார்க்க வேண்டுமா?

வெட்கப்படாதீர்கள். 2008 நவம்பரில் கியூஇ2 என்ற பெரிய பயணிகள் கப்பலே கடைசி முறையாக சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குத் திரும்பும்போது அந்தத் திட்டருகே தரை தட்டி, இழுவைப் படகுகள் வந்துதான் விடுவித்தன.

'மெதுவாக' என்பது எத்தனை நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) என்பதுதான் முக்கியம். 6 நாட் வேகத்தில் சட்டென்று நின்றால், படகை ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். 3 நாட் என்றால் 12 சென்டிமீட்டர்தான். வேகம் பாதியானால் அடி கால்வாசியாகும். மணல் சற்று வழுக்கி நிறுத்துவதால் அதிலும் குறையும். ஆனால் நின்ற இடத்தில் அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டிருந்தால் கணக்கே வேறு. ஒவ்வொரு அலையும் ஒரு மோதல். அப்படியிருந்தால் தூக்குங்கள். இல்லாவிட்டாலும் தரைப்பலகைகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள். எதைப் பார்ப்பது என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: 6 நாட்டில் பாறையில் மோதினோம். முக்குளித்துப் பார்த்தால் இரும்புக் கீலின் நுனியில் சிராய்ப்பு மட்டுமே. தப்பித்தோமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஈயக் கீல் என்றால் நுனி நசுங்கி, மோதலின் வேகத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பு நசுங்காது. சிராய்ப்பு மட்டும்தான் என்றால், அடி அத்தனையும் படகின் உடலுக்கு ஏறிவிட்டது என்று பொருள்.

கீலை ஒரு கடப்பாரையாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்முனை பாறையில் மாட்டி நிற்க, படகு முன்னே போகப் பார்க்கிறது. அப்போது கீலின் மேற்பகுதியில் முன்விளிம்பு உடலைவிட்டுக் கீழே பிய்யும். பின்விளிம்பு உடலுக்குள் மேல்நோக்கி இடிக்கும். அதனால்தான் அடிபட்ட நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். பார்க்க வேண்டியது உள்ளே, கீலின் பின்முனைக்கு மேலே உள்ள இடம்.

அங்கே குறுக்குச் சட்டங்கள் உடலோடு சேரும் மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு அது நீண்டதா என்று தெரியும். பல படகுகளில் உட்சட்டகத்தைத் தனியாக வார்த்து உடலில் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல பிளாஸ்டிக் சுத்தியலால் வரிசையாகத் தட்டுங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமானால் சந்தேகப்படுங்கள். கதவுகளையும் மூடிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு படகில் கீலில் பெயின்ட்தான் போயிருந்தது, ஆனால் கழிவறைக் கதவு சட்டத்தில் உரசியது. பலகையைக் கழற்றினால் பின்பக்கக் குறுக்குச் சட்டம் இரண்டாக விண்டிருந்தது.

பிறகு தூக்க வேண்டும். கீல் தரையைத் தொடாமல் பட்டைகளில் தொங்கும்போது பொருத்தின் முன்பக்கம் வாய் திறக்கிறதா, மெல்லத் தரையில் இறக்கும்போது மூடுகிறதா என்று பாருங்கள். தொங்கும்போது கீலின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பொருத்தில் அசைவு தெரிந்தால் அந்தப் படகு அன்று கடலுக்குத் திரும்பக்கூடாது. சுக்கானையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: நட்டுகளை நன்றாக முடுக்கிவிட்டால் போதாதா?

போதாது. நட்டு எளிதாகச் சுற்றினால் போல்ட் நீண்டிருக்கலாம், அல்லது அடியிலுள்ள ஃபைபர் நொறுங்கியிருக்கலாம். முடுக்குவது அதை மறைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். பொருத்துக்குள் தேங்கிய உப்புநீரில் அது கிடைக்காது. மேலே நட்டு பளபளக்கும், நடுவில் போல்ட் அரித்துப் பாதியாகியிருக்கும். ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. அடியில் தேங்கும் நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அது மழைநீர் அல்ல, கடல்நீர்.

கேள்வி: பழைய படகு வாங்கப் போகிறேன். 'இரண்டு மூன்று தடவை லேசாகத் தட்டியது, சரிசெய்துவிட்டோம்' என்கிறார் விற்பவர்.

சொன்னாரே, நல்ல மனிதர். ஆனால் 'லேசாக' என்பதை நம்பாதீர்கள். 2014 மே மாதம் கரீபியத் தீவான ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'சீக்கி ரஃபிக்கி' என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. படகிலிருந்த நால்வரும் திரும்பவில்லை. முந்தைய தரை தட்டல்களும் அவற்றுக்குப் பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து, கீல் பொருந்தும் இடத்தை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்றது பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு. எனவே பழுதுபார்த்த ரசீதையும் படங்களையும் கேளுங்கள். சட்டகத்தை எடுத்துப் புதிதாக ஒட்டினார்களா, விரிசலின் மேல் பூசி மெழுகினார்களா? ரசீது இல்லையென்றால் கீலை இறக்கிப் பார்க்கும் செலவை விலையில் கழியுங்கள். மறுத்தால் வேறு படகு பாருங்கள்.

கேள்வி: தட்டிய உடனே எஞ்சினை ரிவர்ஸில் முழு வேகத்தில் போடலாமா?

முதலில் பாய்களைத் தளர்த்திவிட்டு, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பாறையில் ஓட்டை விழுந்திருந்தால், இழுத்து ஆழத்தில் விடுவது மூழ்கடிப்பதற்குச் சமம். தண்ணீர் இல்லை, ஓதமும் இறங்குகிறது என்றால் அந்தச் சில நிமிடங்கள்தான் உங்களுடையவை: ஆட்களை ஒரு பக்கம் அனுப்பிப் படகைச் சாய்த்து, வந்த வழியே பின்வாங்குங்கள். எஞ்சினைக் கொஞ்சம் பயன்படுத்தலாம். நீண்ட நேரம் உறுமவிட்டால் கலங்கிய மணல் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க் குழாய்க்குள் போய் அடைக்கும். ஓதம் ஏறுகிறது என்றால் அவசரமே இல்லை. சிறு படகில் நங்கூரத்தை ஆழமான பக்கம் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றை இறுக்கி வைத்துக் காத்திருங்கள்.