ஊசி போடுகிற மகனுக்கு எதற்குச் சி-பெப்டைட் சோதனை?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. நாலு வருஷமாகச் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுகிறான். கிளினிக்கில் இப்போது பார்க்கிற டொக்டர் சி-பெப்டைட் என்று ஒரு இரத்தச் சோதனை செய்துகொண்டு வரச் சொன்னார். உடம்பில் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா என்று பார்க்கத்தானாம். அப்படியென்றால் இன்சுலினையே அளக்கலாமே? சோதனை நாளில் ஊசியை நிறுத்த வேண்டுமா? இன்னொன்று, போன கிழமை ஒரு போத்தல் மருந்தைத் தவறுதலாக ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். உறைந்துபோனது. உருகிய பிறகு பார்த்தால் பழையபடிதான் இருக்கிறது. பாவிக்கலாமா?
— நிலாவெளியிலிருந்து ஒரு தாய்

பதில்: அவசரமான இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். சோதனைக்காக ஊசியை நிறுத்தவே வேண்டாம். மகனுடைய உடல் சொந்தமாக இன்சுலின் சுரக்காத உடலாக இருந்தால், ஒரு நாள் ஊசி தவறினாலே இரத்தத்தில் அமிலம் கூடி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரலாம். ஊசி போட்டபடியே அளக்கலாம் என்பதால்தான் டொக்டர் இந்தச் சோதனையைக் கேட்டிருக்கிறார். அடுத்தது, உறைந்த போத்தல். பார்வைக்கு எப்படி இருந்தாலும் அதை எறிந்துவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கிறது: கலம் ஒரு புரதத்தை எப்படிச் செய்து முடிக்கிறது என்பதில்.

இரத்தத்தில் இன்சுலினை அளந்தால் ஊசியால் போனதும் சதையி சுரந்ததும் ஒன்றாகக் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. உங்கள் கரையில் கரைவலை இழுத்த நாளில் கருவாட்டுக்கு மீன் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாடியில் அன்று எத்தனை மீன் வெட்டினார்கள் என்று தெரிய வேண்டும், ஆனால் வேறு எங்கேயோ தலை வெட்டித் துப்புரவாக்கிய மீனும் அதே கூடையில் கலந்துவிட்டது என்று வையுங்கள். கூடையை எண்ணிப் பிரயோசனம் இல்லை. வாடிக்குப் பக்கத்தில் ஒதுக்கிப் போட்ட தலைகளை எண்ணினால் சரி. ஒரு மீனுக்கு ஒரு தலை. வெளியிலிருந்து வந்த மீனுக்குத் தலை இல்லை. சி-பெப்டைட் அந்தத் தலை.

இன்சுலின் செய்வதற்கான மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. உடலின் கிட்டத்தட்ட எல்லாக் கலங்களிலும் அது உண்டு, தோலிலும் உண்டு, ஈரலிலும் உண்டு. ஆனால் அதை வாசித்து நம் தேவைக்கு இன்சுலின் செய்வது சதையியில் உள்ள பீட்டாக் கலங்கள்தான். மரபணுவைத் திறந்து வாசிக்க வைக்கிற சில புரதங்கள் அங்கே ஒன்றுசேர்ந்து இருப்பதால் அப்படி. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மரபணுவிலிருந்து தூது ஆர்என்ஏ என்ற பிரதி எடுக்கப்படுகிறது. கலத்துக்குள் இருக்கிற ரைபோசோம் என்ற சிறு இயந்திரம் அதை வாசித்து, புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்கள் 110ஐக் கோத்து நீளமான ஒரு சங்கிலி செய்கிறது. அது இன்னும் இன்சுலின் ஆகவில்லை. முன்னால் உள்ள 24 அமினோ அமிலங்கள் கடிதத்தின் மேலே எழுதிய விலாசம் மாதிரி. சங்கிலி கலத்துக்குள் எங்கே போக வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. போய்ச் சேர்ந்ததும் அந்தத் துண்டு வெட்டப்படும். மிஞ்சிய 86 அமினோ அமிலங்களும் அங்கே மடியத் தொடங்கும். நடுத்துண்டு வளைந்து, இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்துக்கொடுக்கும். அந்த நிலையில் மூன்று கந்தகப் பிணைப்புகள் விழும். சங்கிலி இறுகிவிட்டது, இனி நடுத்துண்டு தேவையில்லை. நொதியங்கள் வந்து அதை வெட்டி எடுக்கின்றன. 21ம் 30ம் கொண்ட இரண்டு சங்கிலிகளாக, மொத்தம் 51 அமினோ அமிலங்களாக மிஞ்சுவது இன்சுலின். வெட்டுப்பட்டு விழுந்த 31 அமினோ அமிலத் துண்டு சி-பெப்டைட்.

இது தெரிய வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. பிரெட்ரிக் சாங்கர் 1950களில் இன்சுலினின் அமினோ அமில வரிசையை முழுதாகக் கண்டுபிடித்து 1958இல் நொபெல் பரிசு வாங்கினார். இரண்டு சங்கிலிகள் இருப்பதால் கலம் அவற்றைத் தனித்தனியே செய்து பிறகு சேர்க்கிறது என்று பலர் நினைத்தார்கள். 1967இல் சிக்காகோவில் டொனால்ட் ஸ்டைனர், முதலில் வருவது ஒரே சங்கிலிதான், பிறகுதான் வெட்டுப்படுகிறது என்று காட்டினார். உங்கள் மகன் செய்யப்போகிற சோதனை அந்த வேலையின் வழி வந்தது.

வெட்டிய துண்டைக் கலம் எறிந்துவிடுவதில்லை. இன்சுலினோடு ஒரே சிறு பைக்குள் வைத்திருந்து, சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சீனி ஏறும்போது இரண்டையும் ஒன்றாக வெளியே விடுகிறது. ஒன்றுக்கு ஒன்று, சம அளவில். ஆனால் போகிற வழியில் இன்சுலினில் பாதியளவை ஈரல் பிடித்துவிடும். மிச்சமும் இரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகக் குறையும். சி-பெப்டைட்டை ஈரல் தொடாது, பாதியாகக் குறைய அதற்கு அரை மணித்தியாலம் அளவில் எடுக்கும். அளப்பதற்கு அது வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி மருந்திலோ சி-பெப்டைட் இல்லை, தொழிற்சாலையிலேயே நீக்கிவிடுகிறார்கள்.

சரி, ரிப்போட்டை எப்படிப் பார்ப்பது? சாப்பிட்டு இருக்கும் நேரத்தில், இரத்தச் சீனியையும் சேர்த்து எடுத்த சோதனையில், லீட்டருக்கு 200 பிக்கோமோலுக்குக் கீழே இருந்தால் சொந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது, அதாவது முதலாம் வகைச் சீனி வருத்தம் என்று நினைக்க இடமுண்டு. 600க்கு மேலே என்றால் இரண்டாம் வகையின் பக்கம் சாய்கிறது. சில ஆய்வுகூடங்கள் மில்லிலீட்டருக்கு நனோகிராம் கணக்கில் தருவார்கள். அதில் இவை 0.6, 1.8 என்று வரும். இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொண்டு வீட்டில் பயந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். வருத்தம் தொடங்கி மூன்று வருஷம் தாண்டிய பிறகு இந்த எண்கள் தெளிவாகப் பேசும். உங்கள் மகனுக்கு நாலு வருஷம், ஆகவே நல்ல நேரம்.

இடைப்பட்ட எண் வந்தால், அல்லது 23 வயதுக்கு எதிர்பாராத அளவு கூடுதலாக வந்தால், டொக்டர் இன்னொன்றையும் யோசிப்பார். மரபணுவைத் திறந்து வாசிக்க வைக்கிற புரதங்கள் என்று சொன்னேன் அல்லவா? அப்படிப்பட்ட ஒரு புரதம் எச்என்எஃப்1ஏ. அதில் பிறப்பிலேயே மாற்றம் இருந்தால் பீட்டாக் கலம் அழியாமல் இருக்கும், ஆனால் வேலை மந்தமாகிவிடும். சீனி வருத்தம் இளவயதிலேயே வரும், தாய் அல்லது தகப்பனுக்கும் இருக்கும். மோடி (MODY) என்று சொல்கிற, பரம்பரையாக வருகிற சீனி வருத்த வகைகளில் இது ஒன்று. இவர்களில் பலருக்கு கிளிக்ளசைட் போன்ற குளிசையே நன்றாக வேலை செய்யும். டொக்டரின் மேற்பார்வையில் ஊசியிலிருந்து குளிசைக்கு மாறியவர்கள் உண்டு. உங்கள் மகனுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நீங்களோ கணவரோ இளவயதிலேயே சீனி வருத்தக்காரர் என்றால் அதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சோதனைக்குப் போகும்போது சில விஷயங்கள். வெறும் வயிற்றோடா சாப்பிட்டா என்று டொக்டரிடமே கேளுங்கள். இரத்தச் சீனி மிகவும் இறங்கி இருக்கும் நேரத்தில் எடுக்கக் கூடாது, ஏனென்றால் அப்போது நல்ல சதையியும் சுரப்பைக் குறைத்துவிடும். சீனி கண்டபடி ஏறி வார்ட்டில் இருந்து வந்திருந்தால் இரண்டு கிழமையாவது பொறுக்க வேண்டும். அதிகச் சீனியில் பீட்டாக் கலம் களைத்துப்போய்ச் சுரப்புக் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் பழுதென்றால் சி-பெப்டைட் வெளியேறாமல் கூடுதலாகக் காட்டும், அதையும் சொல்லுங்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் குளிசை எடுக்கிறாரா என்றும் பாருங்கள், அது பல சோதனைகளைப் பிழையாகக் காட்டும். திருகோணமலையில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிற இடமென்றால், பிரித்துக் குளிரில் அனுப்புகிறீர்களா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். சி-பெப்டைட்டும் ஒரு சிறிய புரதத் துண்டுதான், வெக்கையில் கிடந்தால் சிதைந்து குறைந்துபோகும்.

இனி உங்கள் போத்தல். இப்போது பாவிக்கிற மருந்தைப் பக்டீரியாவையோ மதுவத்தையோ கொண்டு செய்கிறார்கள். முன்பு பன்றியின் சதையியிலிருந்தும் மாட்டின் சதையியிலிருந்தும் எடுத்தார்கள். 1978இல் பக்டீரியாவில் மனித இன்சுலினை உருவாக்கினார்கள், 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மரபணுவைக் கொடுத்தால் பக்டீரியா சங்கிலியைக் கோத்துவிடும். ஆனால் நம் கலத்தில் உள்ளதுபோல மடிக்கிற அறையோ வெட்டுகிற நொதியமோ அதற்கு இல்லை. உருக்குலைந்த கட்டியாக வருகிற சங்கிலியை ஆலையில் கரைத்து, மெதுவாக மடியவிட்டு, மூன்று பிணைப்புகளும் சரியான இடத்தில் விழப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலினுக்கு அந்த வடிவம்தான் எல்லாம். வடிவம் போனால் 51 அமினோ அமிலங்களும் அப்படியே இருந்தாலும் கலத்தின் பூட்டில் அது பொருந்தாது.

உறையும்போது அந்த வடிவம் குலைகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. உருகிய பிறகு கண்ணுக்குத் தெரியாத திரள்கள் இருக்கலாம். அதைப் போட்டால் ஒரு நாள் சீனி ஏறும், ஒரு நாள் இறங்கும், மருந்தின் அளவை நம்ப முடியாது. கடும் வெயிலும் வாகனத்துக்குள் கிடந்து குலுங்குவதும் இதே வேலையைச் செய்யும்.

பாவிக்காத போத்தல்களைப் பிரிட்ஜில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வையுங்கள், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தொட்டபடி வேண்டாம், கதவுப் பக்கம் நல்லது. திறந்ததை அநேகமாக 28 நாள் வரை 30 பாகைக்குக் கீழே வெளியில் வைக்கலாம், உங்கள் மருந்தின் துண்டுப்பிரசுரத்தில் எழுதியதைப் பின்பற்றுங்கள். கரண்ட் போகும் நாட்களில் ஈர மணலிட்ட மண் பானைக்குள் இன்னொரு சின்னப் பானையை வைத்து, அதற்குள் மருந்தை நனையாதபடி பொலித்தீனில் சுற்றி வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இது நன்றாகக் குளிரும், காற்று காய்ந்திருப்பதால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். வாடைக்காலத்தில் ஈரப்பதன் கூட, அப்போது பானை பெரிதாக உதவாது. தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, பால்போல இருக்க வேண்டியது உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக நின்றாலோ எடுக்காதீர்கள். புதிய போத்தலைத் திறக்கிற அன்றே திகதியை அதன்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.