சர்வே என்று வந்தவர்கள் ஓட்டர் ஐடியைப் படம் எடுத்துப் போனால் ஓட்டு போய்விடுமா?

கேள்வி: போன வாரம் இரண்டு பையன்கள் ‘எலெக்‌ஷன் சர்வே’ என்று வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன். மாமியார் எல்லார் பெயரையும் போன் நம்பரையும் சொல்லி, எந்தக் கட்சிக்குப் போடுவோம் என்பதையும் சொல்லிவிட்டார். ஓட்டர் ஐடி அட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டார்களாம். மூன்று நாள் கழித்து, எங்கள் தொகுதியில் ஒரு கட்சி 62 சதவீதத்தோடு ஜெயிக்கிறது என்று டிவி சேனல் லோகோ போட்ட ‘சர்வே முடிவு’ என் வாட்ஸ்அப்புக்கே வந்தது. பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுவார்களா? நாங்கள் யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடிக்க முடியுமா? (திருச்செங்கோடு வாசகி)

பதில்: அம்மா, அட்டையைப் படம் எடுத்ததால் மட்டும் ஓட்டு போகாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். வாக்காளர் பட்டியல் ரகசிய ஆவணம் இல்லை. உங்கள் பெயர், கணவர் பெயர், வயது, வீட்டு எண், அட்டை எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையமே அதைக் கொடுக்கிறது. ஆக, அட்டை எண்ணுக்காக யாரும் உங்கள் வீட்டுப் படியேற வேண்டியதில்லை.

பட்டியலில் இல்லாதவை இரண்டு: உங்கள் போன் நம்பர், உங்கள் கட்சி. மாமியாரிடமிருந்து வாங்கிப் போனது அதைத்தான்.

உண்மையான கருத்துக்கணிப்புக்கு நீங்கள் ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். வயது, படிப்பு, தொழில், போன முறை யாருக்கு, இந்த முறை யாருக்கு என்று கேட்டுக்கொண்டு போவார்கள். ஒழுங்காகச் செய்யும் சில நிறுவனங்கள் வாக்காளர் பட்டியலிலிருந்தே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பெயர் சொல்லிக் கேட்டு வருவதுண்டு. அவர்களும் அட்டையைப் படம் எடுப்பதில்லை. சிலர் மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். நீங்கள் என்ன குறித்தீர்கள் என்று எதிரில் நிற்பவருக்கே தெரியக்கூடாது என்பதற்காக. தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, குடும்பத்தில் எத்தனை ஓட்டு என்று கேட்டு, அட்டையையும் படம் எடுத்தால் அது கணிப்பு இல்லை, கணக்கெடுப்பு. பட்டியலின் ஓரத்தில் நம்மாள், எதிராள், மதில்மேல் பூனை என்று குறி போடும் வேலை. முன்பு பென்சிலில் செய்தார்கள், இப்போது டேப்லெட்டில் செய்கிறார்கள். இதை எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஏஜென்சிகள் இருக்கின்றன. பல நேரம் வந்த பையன்களுக்கே யாருக்காக எடுக்கிறோம் என்று தெரியாது, வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி.

இந்தக் குறி எதற்கு என்கிறீர்களா? 2019-ல் ஓட்டுக்குப் பணம் என்று வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்களே, அப்போது பிடிபட்ட பணம் வார்டு வாரியாகப் பிரித்துக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பட்டியல் இல்லாமல் அப்படிப் பிரிக்க முடியுமா? சர்வே என்ற பெயரில் ‘ஜெயித்தால் இந்தத் திட்டத்தில் உங்களைச் சேர்ப்போம்’ என்று பெயர் பதிவதும் நடக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி 2024 மே மாதம் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் எழுதியது. எழுதியதோடு சரி.

சரி, வீட்டுக்கு வருகிற எல்லாரையும் விரட்டிவிடலாமா? கூடாது. ஒருவரை விரட்டக்கூடாது, அவர்தான் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். பி.எல்.ஓ. அரசு ஆள். பெரும்பாலும் உங்கள் பகுதி அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். அவர் உங்கள் பெயர், அட்டை எண், போன் நம்பர் எல்லாம் கேட்கலாம், நீங்களும் கொடுக்கலாம். பி.எல்.ஏ. என்று இன்னொருவர் இருக்கிறார், அவர் கட்சி நியமித்த முகவர். அவரும் படிவம் நிரப்ப உதவலாம், ஆனால் அவருக்கு நீங்கள் எதையும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது (எஸ்.ஐ.ஆர்.) பல தெருக்களில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். யார் அரசு, யார் கட்சி என்று பார்க்கிறவர்களுக்குப் பிரித்துத் தெரியவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தால் போதும் என்பார்கள், போதாது. பெங்களூரில் 2022-ல் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் பி.எல்.ஓ. அடையாள அட்டையோடு வீடு வீடாகப் போய் வாக்காளர் விவரம் திரட்டியதாக வழக்கானது. இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை இடைநீக்கம் செய்யும் அளவுக்குப் போயிற்று. அதனால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, பட்டியலில் உங்கள் தெரு வரும் பாகத்தின் பி.எல்.ஓ. பெயரும் நம்பரும் கேட்டு இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். வாசலில் நிற்பவர் எதிரிலேயே அந்த நம்பருக்கு அடியுங்கள். அப்புறம் ஒன்று, எந்த பி.எல்.ஓ.வும் எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார். கேட்டால் அவர் பி.எல்.ஓ. இல்லை, அல்லது பி.எல்.ஓ.வாக இருக்கத் தகுதியில்லை.

பெயர் நீக்கத்துக்கு வருவோம். ஒருவர் பெயரை எடுக்கச் சொல்லிக் கொடுக்கும் மனு படிவம் 7. உங்கள் தொகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதுதான் சிக்கல். கர்நாடகத்தின் ஆளந்த் தொகுதியில் 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் இப்படி 6,018 மனுக்கள் ஆன்லைனில் குவிந்தன. விசாரித்தபோது சரியானவை 24 மட்டும். அங்கே சரிபார்த்ததால் பெயர்கள் தப்பின. மனு வந்தாலே பெயர் போய்விடாது, உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரித்த பிறகுதான் நீக்க முடியும். விதி அப்படித்தான் சொல்கிறது. அந்த நோட்டீஸ் பூட்டின வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டு, மழையில் நனைந்து கிழிந்து போவதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை! தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லாமல் போனபோது, இறந்தவர், இடம் பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் என் பெயர் இருக்கிறதா என்று தேடும் வேலை மட்டும் எப்போதும் வாக்காளர் தலையில்தான் விழுகிறது. இப்படிப்பட்ட மனுவில் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது. அதற்காக உள்ளே போனவரைக் காட்டினால் நான் மாலை போடுகிறேன்.

யாருக்குப் போட்டோம் என்பது தெரியவே தெரியாது. ஓட்டு இயந்திரத்தோடு இருக்கும் விவிபேட் கருவியில் ஒப்புகைச் சீட்டு 7 நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. அதில் வேட்பாளர் பெயரும் சின்னமும் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. ‘கேமராவில் பார்ப்போம்’, ‘லிஸ்டில் தெரிந்துவிடும்’ என்று மிரட்டுவதெல்லாம் கதை. தெரிவது ஒன்றே ஒன்று, உங்கள் பூத்தில் மொத்தமாக யாருக்கு எத்தனை என்பது. ஆயிரம் சொச்சம் பேர் ஓட்டுப் போடும் இடத்தில், ‘உங்கள் தெரு கைவிட்டுவிட்டது’ என்று வார்டுக்காரர் முறைப்பதற்கு அது போதும். பல பூத்களை ஒன்றாகக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவி வேண்டும் என்று ஆணையம் 2008-லேயே கேட்டது, சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அதற்கு மனசு வருவதில்லை, ஏன் என்று உங்களுக்கே புரியும்.

அந்த 62 சதவீதத்தை அழித்துவிடுங்கள். லோகோ ஒட்ட ஐந்து நிமிடம் போதும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் இல்லையென்றால் அது பொய். நிஜமான மாநிலக் கணிப்பாக இருந்தாலும் உங்கள் தொகுதிக்கு அது உதவாது. பத்தாயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் 234 தொகுதிக்குப் பங்கு போட்டால் தொகுதிக்கு 43 பேர்கூட வராது. 2016 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்து வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. என்றன. அப்போது தேர்தல் நடந்த 232-ல் அ.தி.மு.க. 134 இடம் பிடித்தது. இரண்டு அணிக்கும் ஓட்டு வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். ஆயிரம் பேரைக் கேட்கும் கணிப்பில் மூன்று சதவீதம் வரை பிசகுவது சகஜம். போதாததற்கு நம் ஜனம் கேட்பவன் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். உங்கள் மாமியார் சொன்னதே நிஜம்தானா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

இப்போது செய்ய வேண்டியது. மாமியார் கொடுத்த அந்த போன் நம்பர்களுக்கு ஓ.டி.பி. கேட்டு யார் போன் போட்டாலும், ‘சர்வே சரிபார்ப்பு’ என்றாலும் ‘திட்டத்தில் சேர்க்கிறோம்’ என்றாலும் சொல்லாதீர்கள். ஆன்லைன் மனுக்கள் ஓ.டி.பி. வழியாகத்தான் உள்ளே போகின்றன. மாமியாரிடம் இதை இரண்டு தடவை சொல்லி வையுங்கள். பிறகு ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் குடும்பத்தில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. ‘ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வடிகட்டின பொய். நீக்க மனுக்களின் பட்டியல் படிவம் 10 என்ற பெயரில் வாக்காளர் பதிவு அலுவலரிடம் இருக்கும், அதையும் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயர் அதில் இருந்தால் அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். ‘பார்த்துக்கிறோம்மா, போங்க’ என்பார்கள். தேதி போட்டு, சீல் குத்தின ஒப்புகை கையில் வராமல் அந்த மேஜையை விட்டு நகராதீர்கள்.