பெர்த்–சிட்னி: ஒரே நாளில் போய் வரலாமா?

தம்பி, பெர்த்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், மாதம் ஒருமுறை சிட்னி அலுவலகத்தில் மீட்டிங். "தூரம் 3,280 கிலோமீட்டர், விமானத்தில் நாலு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. காலையில் போய் ராத்திரி வீடு திரும்ப முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் நான் அப்படிப் போக மாட்டேன்.

அந்த நாலு மணி நேரம் கிழக்கே போவதற்கு மட்டும்தான். மேலே ஜெட் ஸ்ட்ரீம் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. போகும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். அதனால் திரும்பி வர ஐந்து மணி நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் காற்று பலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

காற்றைவிடக் கடிகாரம்தான் பெரிய தொல்லை. சிட்னி நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால். அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே டேலைட் சேவிங், அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிடுவார்கள்; நம் மேற்கு ஆஸ்திரேலியா அதை வைத்துக்கொள்வதில்லை, அதனால் வித்தியாசம் மூன்று மணி நேரமாகிவிடும். (2009-இல் பொது வாக்கெடுப்பு நடத்தியும் இங்கே ஜனங்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.)

டிசம்பரில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு பெர்த்தில் ஏறினால், இறங்கும்போது சிட்னியில் பகல் 1 மணி. ஊருக்குள் போய் மீட்டிங்கில் உட்கார 2 ஆகிவிடும். 5 மணிக்கு எழுந்து ஓடி, இரவு 7 மணி விமானத்தைப் பிடித்தால் பெர்த்தில் இரவு 9. டிக்கெட்டில் இரண்டே மணி நேரப் பயணம் போலத் தெரியும்; உடம்புக்கு அது ஐந்து மணி நேரம். விடிகாலை 4 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியது மூன்று மணி நேர மீட்டிங்குக்காக!

நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் 'ரெட் ஐ' விமானமும் உண்டு. காலையில் சிட்னி சேர்ந்துவிடலாம், முழு நாளும் கையில் இருக்கும். ஆனால் ஏறி உட்கார்ந்து, விளக்கை அணைத்து, கண் அசருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். இறங்குவதற்கு அரை மணி முன்பே எழுப்பிவிடுவார்கள். மிஞ்சுவது இரண்டரை மணித் தூக்கம். அதை வைத்துக்கொண்டு மேலதிகாரி முன்னால் கணக்குக் காட்ட வேண்டும். இளவயதில் செய்யலாம், சரி.

என் யோசனை: முதல் நாள் மதியமே போய், இரவு தங்கிவிட்டு, மீட்டிங் முடிந்த மாலையே திரும்பிவிடுங்கள். திரும்பும் விமானத்தைக் கடைசி நேரத்துக்குப் போடாதீர்கள். சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை தடை நேரம். தாமதம் நீண்டால் அன்றைக்குக் கிளம்பவே முடியாமல் போகலாம்.

அப்புறம், வரும்போது பையில் பழமோ தேனோ வைத்திருக்காதீர்கள். உள்நாட்டுப் பயணம்தான் என்றாலும் மேற்கு ஆஸ்திரேலியாவில் தாவர, தேனீ நோய்த் தடுப்புச் சோதனை உண்டு. பெர்த்தில் இறங்கியதும் அவற்றைப் போடத் தொட்டி வைத்திருப்பார்கள்.