ஐரோப்பிய உரிமத்தோடு அமெரிக்காவில் பறக்க

ஜெர்மனியில் பெற்ற தனியார் விமானி உரிமமும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) இருந்தும், அமெரிக்காவில் எல்லாத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டுமோ என்று கலங்கியிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான FAA-வின் விதி 61.75-இன்படி உங்கள் உரிமத்தை அடிப்படையாக வைத்தே அங்கே சான்றிதழ் தருவார்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு மட்டும் வெளிநாட்டு விமானிகளுக்கான எழுத்துத் தேர்வு ஒன்று உண்டு.

முதல் வேலையாக, ஓக்லஹோமா சிட்டியிலுள்ள FAA அலுவலகத்துக்கு, உங்கள் உரிமத்தைச் சரிபார்க்கக் கோரும் விண்ணப்பத்தை அனுப்புங்கள். பயண டிக்கெட் அப்புறம். அவர்கள் தரும் கடிதம் 6 மாதமே செல்லும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அமெரிக்கச் சான்றிதழ் அட்டையில் உங்கள் ஜெர்மன் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். நாளைக்கே உரிமத்தை வேறு நாட்டுக்கு மாற்றி, எண் மாறிவிட்டால் அட்டை செல்லாது. மறுபடி சரிபார்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பறக்குமுன் அமெரிக்கப் பயிற்றுநரிடம் ஃபிளைட் ரிவ்யூவை (பறக்கும் திறனை மறுபார்வையிடும் அமர்வு) முடித்துவிடுங்கள்: குறைந்தது தரையில் 1 மணி நேரம், வானில் 1 மணி நேரம்.